மரைன் ஹில் மேட்டில் சத்தமில்லாத ஜீப்

என் எழுத்து கோழி கிறுக்கியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ர-வும் ற-வும் இடம் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேச வாய் வராது என்பதால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தீவில் பங்குனி உத்திரத்தன்று ஜங்லிகாட்டிலிருந்து மரைன் ஹில் வரை முருகன் சப்பரத்தை இழுப்பது என் சித்தப்பாவின் ஜீப். நான் சிறுவனாக இருந்த ஒரு வருஷம் அது பாதி மேட்டில், ஒரு நீல வீட்டு வாசலுக்கு நேராக, படபடவென்று வெடித்து நின்றுவிட்டது. எஞ்சின் புகையைச் சைலென்சருக்குக் கொண்டுபோகும் இரும்புக் குழாய், மேனிபோல்டு என்பார்கள், விரிசல் விட்டிருந்தது. சப்பரத்தை ஆட்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். சித்தப்பா தலையை நிமிர்த்தவே இல்லை.

உப்புக் காற்றில் துருப்பிடித்து மெலிந்த குழாய், மேட்டில் சூடேறியதும் பிளந்துவிடும். வெல்டிங் வைத்தால் பக்கத்தில் பிளக்கும். மறு வருஷம் நெருங்கியபோது கோயில்காரர்கள், "இந்தத் தடவையும் நின்னா, அடுத்து வேற காடிதான்" என்று சொல்லிவிட்டார்கள். வண்டியை இங்கே காடி என்போம்.

மெயின்லேண்டிலிருந்து கப்பலில் புதுக் குழாய் வந்தது. அதையாவது காப்பாற்ற, கப்பல் புகைபோக்கிக்கு அடிக்கும் சூடு தாங்கும் வெள்ளிப் பெயிண்டைச் சித்தப்பா வாங்கி வந்தார். கெட்டியாக அப்பி, காய்ந்ததும் நேரே மேட்டில் ஏற்றினார். திரும்பி வந்தபோது பெயிண்ட் அப்பளம் போலக் கொப்பளித்திருந்தது.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏன் தம்பி, புதுத் தோசைக்கல்ல எடுத்த எடுப்புல முழுத் தீயில வைப்பாகளா? பழக்க வேணாமா?"

"அரே மதினி, இது எஞ்சின். உங்க தோசைக்கல்லு இல்ல."

"ரெண்டும் இரும்புதான?"

சித்தப்பா முறைத்தார். ஆனால் மறுநாள் எல்லாவற்றையும் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, மெல்லிசாக ஒரு பூச்சும் அது காய்ந்தபின் இன்னொன்றும் அடித்தார். ஜீப்பை நின்ற இடத்திலேயே சற்று ஓடவிட்டு, அணைத்து, ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம் கூடுதலாக ஓடவிட்டார். "போதும், அணைங்க தம்பி!" என்று அம்மா அடுப்படி ஜன்னலிலிருந்து கத்திக்கொண்டே இருந்தாள்.

உத்திரத்தன்று கூட்டத்தில் ஒருவர், "வெடி வாங்க வேணாம்ப்பா, டிரைவர் காடியே போட்ரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது.

ஜீப் மேட்டில் ஏறியது. மேளச் சத்தம் மட்டுமே கேட்டது. நீல வீடு வந்ததும் சித்தப்பா வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார். இருமாமல், திணறாமல், சாமியை இழுத்துக்கொண்டு ஜீப் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. "அரோகரா!" என்று கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெடிக் கேலி செய்தவரே பானெட்டுக்கு மாலை போட்டார்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. நீல வீட்டு வாசலில் கற்பூரத் தட்டோடு நின்ற அக்கா, சாமியை விட்டுவிட்டு ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பானெட்டுக்குள் அடித்த வெள்ளிப் பெயிண்ட் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

இன்று பங்குனி உத்திரம். சித்தி கற்பூரத் தட்டோடு வாசலில் நின்று என்னைக் கூப்பிடுகிறாள். இதோடு நிறுத்துகிறேன்.