கோழி தின்ற பொங்கல்

உலகத்தில் இதுவரை பிறந்த மதத் தலைவர்களையும், இனிமேல் பிறக்கப்போகிறவர்களையும் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து இரயில் நிலையம் வரை வரிசையாக நிறுத்துங்கள். தேவநேசம் அத்தை கழுத்தில் இஞ்சு டேப்போடு ஒருமுறை நடந்து வந்தால் போதும். சண்டை எல்லாம் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். நான் தைக்கக் கொடுத்த சுடிதார் மட்டும் முடிந்திருக்காது.

அத்தை எங்கள் அடுத்த வீடு. முன்னறையில் தையல் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் ஒரு கோழிக்கூண்டு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண். எட்டு வருடத்துக்கு முன்னால் போதகர் ஐயா ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, "மற்ற சமயத்தாரோடு உட்கார்ந்து பேசுங்கள், அதுவும் ஊழியம்தான்" என்று பிரசங்கம் செய்தார். தெருவுக்குத் தெரு குழு ஆரம்பித்தார்கள். எல்லாம் மூன்று டீயோடு முடிந்துபோயிற்று. அத்தையின் குழு மட்டும் நின்றது. மாதக் கடைசி சனிக்கிழமை, நான்கு மணி, தையல் கடை, மூன்று நாற்காலி.

ஒன்றில் அத்தை. இன்னொன்றில் குடை ரிப்பேர் பார்க்கும் ஜெய்னுலாப்தீன் பாய். மூன்றாவதில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வரும் நாச்சியார் அக்கா. அக்கா குடும்பத்துக்குக் கூமாப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு, மகன் பட்டாளத்தில்.

அங்கே யாரும் யாரையும் மதம் மாற்றக் கூடாது, உண்மையைத்தான் பேச வேண்டும். அத்தை வைத்த சட்டம் இன்னொன்றும் உண்டு. அடுத்தவர் சாமியைப் பற்றி நீங்கள் புரிந்துகொண்டதை முதலில் சொல்ல வேண்டும். அவர் "ஆமா, சரிதான்" என்று தலையாட்டிய பிறகே உங்கள் சாமியைப் பற்றி வாய் திறக்கலாம். மூவர் ஒருவரான திரியேகக் கடவுள் என்றால் என்ன என்று பாய் சரியாகச் சொல்லி முடிக்க நான்கு மாதம் ஆயிற்று. அத்தை விடவில்லை, பாயும் விடவில்லை.

ஒருநாள் சுடிதார் கேட்கப் பின்வாசல் வழியாகப் போனேன். நாச்சியார் அக்கா கொண்டுவந்த ஆண்டாள் கோயில் சர்க்கரைப் பொங்கலை அத்தை கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"அத்தை, ஒங்க கோழி நேரா வைகுண்டந்தான் போகும். கொழம்பு வச்சிராதீய, பாவம்."

அத்தை சிரிக்கவில்லை. "எம்புட்டு நாளாட்டி பாக்க?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவே இல்லை.

அடுத்த மாதச் சனிக்கிழமைக் கூட்டத்தில் நாச்சியார் அக்கா தூக்குச்சட்டியைத் திறந்ததும் அத்தை கையை நீட்டவில்லை. நான் வெளியே ஜன்னல் ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, எட்டு வருசமா நீங்க தந்த பொங்கல்ல ஒருவாய்கூட நான் திங்கல. சாமிக்குப் படைச்சதைத் திங்க எங்க வேதப்படி என் மனசு ஒப்பல. வேண்டாம்னு சொன்னா வருத்தப்படுவியன்னு வாங்கி வாங்கி கோழிக்குப் போட்டேன். திங்காததுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். மறைச்சதுக்குக் கேக்கேன்."

"கோழிக்கா?" என்றாள் நாச்சியார் அக்கா. "தாயார் சன்னதியில கியூவுல நின்னு ரெண்டு கையும் ஏந்தி வாங்கினதை?"

பாய் தொண்டையைக் கனைத்தார். "நானும் சொல்லிருதேன்மா. நீங்க தார ஒங்க கோயில் அசன விருந்துக் கறி, எங்க முறையில அறுத்ததில்லலா? வருசா வருசம் தூக்குச்சட்டியோட பக்கத்துக் கடை சீனிச்சாமிக்குக் கொடுத்துருவேன்."

அத்தையின் முகம் சுருங்கிப் போயிற்று. "வலிக்குது பாய்."

"வலிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நாச்சியார் அக்கா சட்டியை மூடிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. அத்தை ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போனாள். அக்காவின் மருமகள் வாசலில் நின்று, "எங்க அத்தை தோப்புக்குப் போயிருக்காவ" என்றாள். உள்ளே அக்கா இருமுவது கேட்டதாம்.

போதகர் ஐயா கடைக்கு வந்தார். "வேற ஒருத்தரைச் சேத்துக்கோங்கம்மா. இல்லேன்னா விட்டுருங்க. எட்டு வருசம் நடத்துனதே பெருசு."

"பொத்தான்னா மாத்தித் தச்சிரலாம் ஐயா. இவிய ஆளு. எனக்கு இந்துக்கள்ல ஒரு ஆள் வேண்டாம், நாச்சியாரக்கா வேணும். பொய் சொன்னவ நான். அவிய வார வரைக்கும் நாலு மணிக்குக் கடையைத் தொறந்துதான் வைப்பேன்."

திறந்துதான் வைத்தாள். பாய் வந்து உட்காருவார். இருவரும் காலி நாற்காலியைப் பார்த்தபடி டீ குடிப்பார்கள்.

எனக்குப் பத்தாம் வகுப்பு வரை வந்த ஒரே பாடம் புளுகு. ஒரு வியாழக்கிழமை பஸ் ஏறினேன். நாச்சியார் அக்கா வீட்டில், "தேவநேசம் அத்தைக்குக் கடுங்காய்ச்சல், பேச்சே இல்ல" என்றேன். முகத்தைக் கொஞ்சம் தொங்கப் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு நாச்சியார் அக்கா கடை வாசலில் வந்து நின்றாள். அத்தையோ கல்லுக்குண்டு போல உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா நேராக வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பிளாஸ்க்கைத் திறந்தாள்.

"மொளகு ரசம். எந்தச் சாமிக்கும் படைக்கல. அடுப்புல இருந்து நேரா வருது. குடிப்பியா, மாட்டியா?"

அத்தை இரண்டு கையாலும் தம்ளரை வாங்கினாள். சூட்டோடு சூடாக, கண்ணில் நீர் வரக் குடித்து முடித்தாள்.

"இன்னும் கோவந்தான் எனக்கு" என்றாள் அக்கா.

"இருக்கட்டும். உக்காந்து கோவப்படுங்க."

அக்கா உட்கார்ந்தாள். பாய் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். காரியம் முடிந்தது என்று நான் மெல்ல நழுவினேன்.

"ஏட்டி முனீஸ்வரி! யாருக்குட்டி காய்ச்சல்?"

"சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன், அத்தை."

"வெளாட்டுக்கா?" அத்தை நாச்சியார் அக்காவைப் பார்த்தாள். அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். "வெளாட்டுக்குச் சொல்ல வந்தவ அவிய நடையில உக்காந்து அரைமணி நேரம் ஏங்கி ஏங்கி அழுதியாமே. முந்தானையால மூக்கைத் தொடச்சு விட்டேன்னு இப்பந்தான் காதுல சொல்லுதாவ. இங்க உண்மைதான் பேசணும். உள்ள வா."