சிம் இல்லாத போனில் ஒரு மயில்கழுத்துப் புடவை

தறியில் ஏற்றும் பட்டுப் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் வாசனை விடிந்தும் விடியாமல் எங்கள் தெருவுக்குள் வரும். சோற்றுக் கஞ்சியின் புளிப்பு, நனைந்த பட்டின் மிருக வாடை, அப்போதுதான் வாசல் தெளித்த மண். மூன்றும் சேர்ந்து ஜன்னல் கம்பிக்குள் நுழைந்துவிட்டால் எனக்குப் படுக்கை கொள்ளாது. கால் தரையைத் தேடும். கை மேசை இழுப்பறையைத் தேடும். இழுப்பறைக்குள் அந்தப் போன்.

அது பேசாத போன். சிம் வைக்கிற சின்னத் தட்டு காலி. திரையின் ஒரு மூலையில் சிலந்தி வலை மாதிரி விரிசல். புதுப் போன் வந்த அன்று பழையதைக் கடையில் கொடுத்துவிடும்படி வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. சிம்மைப் பிடுங்கிப் புதியதில் போட்டேன். வீட்டு வைஃபையையும் அது மறந்துபோகும்படி செய்தேன். மிச்சம் இருந்தது ஒரு கேமரா. பூட்டிய திரையில் மட்டும் 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று ஒரு வரி நின்றுகொண்டே இருக்கும். யாரை அழைக்கச் சொல்கிறது என்று சில காலைகளில் தோன்றும்.

புதுப் போனில் ஒரு படம் எடுத்தால், எடுத்த கணமே யாருக்கு அனுப்பலாம் என்று விரல் அரிக்கும். அனுப்பினால், பார்த்தார்களா என்று அரிக்கும். பார்த்துவிட்டால், ஏன் பதில் இல்லை என்று. பழைய போனில் அந்த அரிப்புக்கு வழியில்லை. படம் எடுத்த இடத்திலேயே கிடக்கும். அதற்காக நான் அமைதியாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அரிப்பு விரலிலிருந்து காலுக்கு இறங்கிவிட்டது, அவ்வளவுதான். தெருத் தெருவாக நடந்தேன். குளத்துப் படியில் காயும் ஈர வேட்டி, மொட்டை மாடிக் கொடியில் சாயம் சொட்டும் நூல் கத்தை, நிற்கிற பஸ்ஸின் நிழலில் தூங்கி, பஸ் நகர்ந்ததும் வெயிலில் விழித்துக்கொள்ளும் நாய்.

"இன்னாமா, ரீசார்ஜ் பண்ணக் காசில்லையா? சும்மா கேமராவைத் தூக்கிக்கினு சுத்துற?" என்று பூக்கட்டுகிற அம்மா தினமும் கேட்பாள். தினமும் அவளே சிரித்துக்கொள்வாள்.

எங்கள் எதிர்வீட்டில் ஓர் அக்கா. சொந்தமில்லை, ஆனால் அக்கா. அவள் வீட்டு முன்னறையில் தறி. அந்த அறைக்குள் போன் வரக் கூடாது. தறியில் பாதி நெய்திருந்த ஒரு கரையை வந்தவர் யாரோ படம் பிடித்து ஏதோ ஒரு குரூப்பில் போட, புடவை தறியிலிருந்து இறங்கும் முன்பே அதே கரை வேறு ஒரு கடைக் கண்ணாடிக்குள் தொங்கியது. அன்றிலிருந்து கோயில் வாசலில் செருப்பு விடுகிற மாதிரி, எல்லோரும் வாசல் மாடத்தில் போனை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

என் கேமராவைப் பார்த்து அக்கா விசாரணை வைத்தாள்.

"இதுல டவர் கெடையாதா?"

"கெடையாதுக்கா."

"வாட்சாப்பு?"

"கெடையாது."

"அப்போ இன்னாத்துக்கு இது?"

"போட்டோ புடிக்க."

"புடிச்சி?"

"வெச்சிக்க."

நூல் சுமந்து ஓடும் நாடாவை நிறுத்திவிட்டு அக்கா சிரித்தாள். "என்னை மாதிரிதான் இதுவும். எல்லாத்தையும் உள்ளயே வெச்சிக்கினு கெடக்குது. வா, உள்ள வா."

அவள் உள்ளே வைத்துக்கொண்டிருந்தது என்ன என்று தெருவுக்கே தெரியும். ஒரே மகள். கரைக்கும் உடலுக்கும் வேறு வேறு நிறம் வைத்து நெய்கிற புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவர் ஒருவர், பக்கவாட்டில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுகிறவர் ஒருவர். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அந்தப் பக்கவாட்டுப் பலகை மகளுடையது. போன வருடம் அவள் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் மாகறலில் பயிர் வைக்கிற ஒரு வீட்டுப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அக்காவின் வீட்டுக்காரர் கத்திவிட்டு அடங்கினார். அக்கா கத்தவில்லை. "இனிமே என் தறி மேல கை வெக்காத" என்று ஒரே ஒரு வாக்கியம். மகள் அம்மாவின் நம்பரைத் தடுத்துவிட்டாள். அதன் பிறகு இருவருக்கும் நடுவே நான்தான் இருந்தேன். சந்தையில் பார்த்தால் மகள் என்னிடம் பேசுவாள், அவ்வளவுதான் வழி.

அந்த வழியாகத்தான் செய்தியும் வந்தது. மகளுக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு வைக்கிறார்கள். அம்மா வீட்டைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதை அவளே சொல்லட்டும் என்று மாமியார் அவளிடமே விட்டிருந்தாள். அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

நான் வந்து சொன்னதும் அக்கா எழுந்து உள்ளே போனாள். தறியில் புதுப் பாவு ஏற்றினாள். கடைக்கு அல்ல. உடல் மயில்கழுத்து நிறம், கரை தனி ஜரிகை. புடவையின் உடல் நெய்து முடிகிற நிலையில் என்னைக் கூப்பிட்டாள்.

"போட்டோ புடி. அவகிட்ட கொண்டு போயி காட்டு. முந்திக்கு மட்டும் இன்னா கலருன்னு அவளையே சொல்லச் சொல்லு. சொன்னாதான் அந்தக் கலர்ல முந்திப் பாவை இதோட முடிச்சு சேக்க முடியும். அதுவரைக்கும் தறி ஓடாது."

அக்கா தன் தறியில் அடுத்தவரை நிறம் சொல்ல விட்டு நான் பார்த்ததில்லை. கடைக்காரர் கேட்டுக்கொண்ட நிறத்தையே, "அது எடுபடாது" என்று மாற்றி நெய்து கொடுக்கிறவள்.

"என் இன்னொரு போன்ல புடிச்சா இப்பவே அனுப்பிடலாம்கா. அவ என் நம்பரைத் தடுக்கல."

"வாணாம். போன்ல பாத்தா ஒரு கட்டைவெரல் பொம்மையைப் போட்டுட்டு வுட்டுருவா. நீ எதிர்ல போயி நின்னா எதுனா பேசித்தானே ஆவணும்?"

தறிக்கடியில் இருக்கும் கால்குழியில் தன் இடத்திலேயே என்னை உட்கார வைத்தாள். அது பெரிய மரியாதை. கால் மிதிகட்டையில் படாமல் ஒடுக்கிக்கொண்டு, மடியில் நிறம் ஓடுவதைப் பார்த்தபடி படம் எடுத்தேன்.

பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறியபோது நான் அந்தப் படத்தை எத்தனை முறை திறந்து மூடினேனோ தெரியாது. ஒரு படத்தைக் கையில் சுமந்துகொண்டு ஊருக்கு ஊர் போவது இத்தனை பாரமா? அனுப்பிவிட்டால் பாரம் அவர்களுடையது. சுமந்தால் இறக்கும் வரை நம்முடையது.

மகள் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முகம் உப்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழப் போனாள். நான் உட்காரச் சொன்னேன். போனை வாங்கிப் பார்த்தாள். ஆய்ந்த கீரையும் ஆயாத கீரையும் ஒன்றாகக் கலந்தன.

"நீலம்" என்றாள்.

"மயில்கழுத்தும்மா."

"மயில்கழுத்துன்னா பச்சை இருக்கணுமே சித்தி. எங்க இருக்குது? காட்டுங்க."

காட்ட முடியவில்லை. படத்தில் பச்சை இல்லை. துளிகூட இல்லை. ஒரே நீலம், சின்ன ஜரிகைக் கோடுகளுடன். நீளத்தில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை ஒரு நிறம். நேரில் பார்த்தால் தலையை அசைக்கும்போதெல்லாம் ஒன்று மற்றொன்றாகும். கேமராவுக்குத் தலையை அசைக்கத் தெரியாது. நான் போனைச் சாய்த்துக் காட்டினேன். என்ன முட்டாள்தனம்! படத்தைச் சாய்த்தால் நிறமா மாறும்?

"சின்ன வயசுலேர்ந்து இதே பேஜாரு. நான் பச்சை கேப்பேன், அவங்க நீலம் எடுப்பாங்க. தீபாவளிக்கும் நீலம், பர்த்டேக்கும் நீலம்." அம்மா என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. 'அவங்க'தான். பிறகு சட்டென்று நிறுத்தினாள். "சித்தி, எங்க உக்காந்து புடிச்சீங்க இதை?"

"தறிக்குழியில. உங்கம்மா எடத்துல."

"அதான். அங்க உக்காந்தா எல்லாம் அவங்க கலராத்தான் தெரியும். நான் எந்நேரமும் பக்கத்துல இருந்துதான் பாத்துக்கினு இருப்பேன். எனக்குத் தெரியறது வேற." போனை என் கையில் வைத்தாள். "என் எடத்துலேர்ந்து புடிச்சிக்கினு வாங்க. அப்புறம் சொல்றேன்."

திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். இந்த இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஒரு நிமிடம் கூப்பிட்டுப் பேசினால் முடிகிற விஷயத்துக்கு நான் ஏன் பாலாற்றைக் கடந்துகொண்டிருக்கிறேன்? கைப்பைக்குள் புதுப் போன் வேறு நிமிடத்துக்கு ஒரு தரம் அதிர்ந்தது. அதில் எல்லோரும் இருந்தார்கள். இந்த இரண்டு பேரைத் தவிர.

மறுநாள் வானம் மூடிக்கொண்டது. வெளிச்சமில்லாமல் பட்டுத்துணியைப் படம் எடுத்தால் நிறம் செத்துப்போகும். அக்கா தறிக்கு முன் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஓடாத தறியின் முன் அவளை நான் பார்த்ததில்லை. கை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் ஜரிகைத் துணுக்கை உருட்டிக்கொண்டிருந்தது. நான் எதிர்வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடந்தேன். மேகம் விலகுகிறதா என்று பார்ப்பேன், உள்ளே போவேன், வருவேன்.

"ஏன்மா இப்படி லோலோன்னு அலையுற? உக்காரேன்."

"வெயிலு வரணுமேக்கா."

"நீ நடந்தா வந்துருமா?"

மதியத்துக்கு மேல் ஒரு கீற்று வந்தது. மகள் உட்காரும் பலகைப் பக்கம் போனேன். அந்தப் பக்கமிருந்து குனிந்து பார்த்தபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது. பச்சை. மழை பெய்து முடிந்த வாழைத் தோட்டம் மாதிரி ஒரே பச்சை. நீலம் எங்கேயோ அடியில். நான் அவசரமாக எடுத்தேன், ஒன்று கலங்கியது, இன்னொன்று எடுத்தேன். திரையை அக்காவிடம் காட்டினேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். இரண்டு நூலையும் சாயக்காரரிடம் பொறுக்கி எடுத்து வந்தவள் அவள்தான். இருந்தும், "இவ்ளோ பச்சையாவா இருக்குது அங்கேர்ந்து?" என்று கேட்டாள்.  கேட்டது என்னை இல்லை.

இரண்டாம் பயணத்தில், பாலாறு தாண்டியதும் போன் அணைந்துபோனது. பழைய பேட்டரி. கறுப்புத் திரையில் என் முகம்தான் தெரிந்தது. மாகறலில் இறங்கி வீடு போய்ச் சேர்ந்ததும், "என்னமா, சார்ஜர் இருக்குதா?" என்பதுதான் நான் பேசிய முதல் வாக்கியம். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"போனே பேசாது, அதுக்கும் மூச்சு நின்னு போச்சா?"

ஒயரைச் செருகினோம். அது லேசில் உயிர் பெறுகிற ஜாதி இல்லை. சுவரில் சாய்ந்து இருவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். மாமியார் முற்றத்தில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள். காக்காயை விரட்டும் குரல் மட்டும் வந்துபோனது. சும்மா உட்கார எனக்கு எப்போதும் வராது. எதையாவது கேட்டேன். அவளும் எதையாவது சொன்னாள். இரவில் குழந்தை உதைக்கிறது. நெஞ்செரிச்சல். தறிச் சத்தம் இல்லாமல் முதலில் தூக்கம் வரவில்லை, இப்போது பழகிவிட்டது. "பழகலன்னும் சொல்லலாம் சித்தி."

திரை வெளிச்சமானது. படத்தைத் திறந்து கொடுத்தேன். பச்சையைப் பார்த்து அவள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு விரலால் படத்தை விரித்தாள். இன்னும் விரித்தாள். படத்தின் ஓரத்துக்குப் போனாள். நான் கவனிக்காமல் விட்ட ஓரம். அங்கே அவளுடைய பலகையின் ஒரு முனை விழுந்திருந்தது. அதன் மேல் மடித்துப் போட்ட ஒரு பழைய துண்டு, துண்டின் மேல் கரை நாடா.

"என் பலகை மேல யாரு உக்கார்றாங்க?"

"யாரும் இல்லமா."

"அப்ப கரை நாடா யாரு தள்றது? ஆள் வெச்சிருக்காங்களா?"

"ஆள் வெக்கல. உங்கம்மாவே எட்டி எட்டித் தள்றாங்க. ஒவ்வொரு எழைக்கும் பாதி எழுந்து எழுந்து உக்கார்றாங்க."

அவள் போனை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். திரும்பவும் தூரமாகப் பிடித்தாள். முற்றத்தில் மாமியார், "சூ... சூ" என்றாள். காக்கா பறந்தது.

"ஒண்டியா யாராவது கரை வெச்ச பொடவை நெய்வாங்களா? முதுகு இன்னா ஆவும்?" பிறகு, வேறு குரலில்: "அரக்கு. முந்தி அரக்குல போடச் சொல்லுங்க. அவங்களுக்கும் அதான் புடிக்கும்."

நான் எழுந்தேன். எனக்கு உடனே போக வேண்டும், அந்த ஒரு சொல்லைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஆனால் கேட்க வேண்டியது இன்னும் இருந்தது. கேட்காமல் போனால் அக்கா என் முகத்தைத்தான் பார்ப்பாள். வளைகாப்புக்கு அவள் வரலாமா? நாக்கு நுனியில் வைத்துக்கொண்டே நடந்தேன். மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை வந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

பஸ் வளைவில் தெரிந்தது. அவள் சட்டென்று வலது கையை என் முன்னால் நீட்டினாள். விரல்கள் வீங்கி, பழைய கண்ணாடி வளையல் மணிக்கட்டில் இறுகிக் கிடந்தது.

"இதையும் ஒரு போட்டோ புடிச்சிக்கங்க சித்தி. வளையல் எடுக்க அளவு வேணும்ல?"

எடுத்தேன். பிடித்து முடித்த பிறகுதான் உறைத்தது. படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினேன்.

"போட்டோவுல அளவு தெரியாதேமா."

"தெரியாதுதான்" என்றாள். "அம்மாவையே வந்து கையைப் புடிச்சிப் பாத்துக்கச் சொல்லுங்க."