இருபத்தாறாம் இலக்கம்

நானாவின் மேசையில் நீல மட்டை போட்ட ஒரு கொப்பி இருக்கும். வெள்ளவத்தைத் தனியார் மருத்துவமனை ஒன்றின் கணினிப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் எல்லோருக்கும் அவர் நானாதான். எங்களிடம் இருந்த ஒரே லினக்ஸ் சேர்வருக்குள் ஏழெட்டு மெய்நிகர் கணினிகள் ஓடின. ஒன்றில் ஆய்வுகூட அறிக்கைகள், இன்னொன்றில் மருந்தகம். ஒவ்வொன்றுக்கும் தனி நெட்வேர்க் விலாசம் வேண்டும். அந்த விலாசங்களின் கடைசி இலக்கங்களைத்தான் நானா கொப்பியில் குறித்து வைப்பார். மருத்துவமனை முதலாளிக்கோ எட்டு என்றால் சனியனே நேரில் வந்த மாதிரி. இலக்கங்களைக் கூட்டி எட்டு வரும் வாகனத்தில்கூட ஏறமாட்டார். கொப்பியையும் அவ்வப்போது புரட்டிப் பார்ப்பார். அதனால் பதினேழும் இருபத்தாறும் எழுதப்படாமலே கிடந்தன.

நான் சேர்ந்து இரண்டு மாதம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த எட்டுப் பயம் எனக்கு எரிச்சலூட்டியது. புதிய மெய்நிகர் கணினி ஒன்றுக்கு வேண்டுமென்றே இருபத்தாறைக் கொடுத்தேன். அந்த விலாசத்தில் வேறு கணினி இருக்கிறதா என்று சோதிக்கவில்லை. கொப்பியில்தான் இல்லையே!

கால் மணி நேரத்தில் வார்டிலிருந்து தாதி அழைத்தார். "டெங்குப் பிள்ளையின்ர ரிப்போர்ட் வருது, போகுது. அதைப் பாத்துத்தான் டொக்டர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புறதோ எண்டு சொல்லுவார். கெதியாப் பாருங்கோ!"

நானா கேபிள்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். ஒரே விலாசம் இரண்டு கணினிகளுக்கு இருந்தால் இப்படித்தான் நடக்கும் என்று எனக்குத் தெரியும். சொன்னால் வேலை போய்விடும். இருபது நிமிடம் வாயில் கொழுக்கட்டையோடு இருந்தேன். மறுபடி தொலைபேசி அடித்தபோதுதான் நான் புதிதாய் ஓடவிட்ட கணினியைச் சத்தமில்லாமல் நிறுத்தினேன். உடனே அறிக்கை வந்தது. அம்புலன்ஸில் ஏற்றினார்கள். பிள்ளை பிழைத்தது.

நானா என் திரையைப் பார்த்தார். நிறுத்திய கணினியின் விலாசம் அதில் இருந்தது. முதலாளி வந்ததும் அவரே முன்னுக்குப் போனார்.

"என்ட பிழை, ஸேர். ரிப்போர்ட் மெஷினுக்கு, அதைக் கொண்டு வந்து பூட்டின கம்பெனிக்காரங்க இருபத்தாறைத்தான் குடுத்த. நீங்க ஏசுவீங்கண்டு நான் கொப்பியில எழுதல்ல."

என் கணினியைப் பற்றி அவர் மூச்சும் விடவில்லை.

"பாத்தீரே, எட்டு தன்ர வேலையைக் காட்டிப்போட்டுது," என்றார் முதலாளி.

எட்டு அல்ல, நான். அதைச் சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.

அந்த மாதக் கடைசியோடு நானாவை நிறுத்தினார்கள். கொட்டாஞ்சேனையில் அவர் வீடு எனக்குத் தெரியும், இன்றுவரை போகவில்லை. நிரந்தர நியமனக் கடிதத்தோடு அவருடைய கதிரையும் எனக்கு வந்தது. அதில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.