மழையில் நனைந்த உப்பு மூட்டை

எங்கள் அம்மா பிறந்தது நறுவிலிக்குளத்தில், வயலும் மாடும் நிறைந்த வீட்டில். வாழ்க்கைப்பட்டது தாழ்வுபாட்டுக் கடற்கரையில். அம்மாவின் ஆண்டு நினைவுப் பூசைக்கு வந்த உறவினர் பலர், "உங்கட அம்மா பயம் அறியாத மனுசி" என்று என்னிடம் சொன்னார்கள். மூத்த மகள் என்ற உரிமையில் மறுக்கிறேன். இடிக்குப் பயம், கடலுக்குப் பயம், காக்கிச் சட்டைக்குப் பெரும்பயம். தெருவில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் அம்மா பேச்சை நிறுத்திவிடுவார்.

அம்மாவின் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கலியாணமாகிப் போன பெண், தாய்வீட்டுக்கு முதல்முறை திரும்பும்போது தன் சொந்தத் தொழிலில் வந்த பொருளொன்றைக் கொண்டுவர வேண்டும். பெரியம்மா நெய் கொண்டுபோனார். சின்னம்மா பாய் கொண்டுபோனார். அம்மாவுக்கோ மீன் வெட்டவே தெரியாது. நான் பிறந்து ஓடித் திரிந்து, தம்பியும் பிறந்த பிறகும் அவர் தாய்வீட்டுப் படி மிதிக்கவில்லை.

அப்பா ஒரு சம்மாட்டியின் தோணியில் தொழிலுக்குப் போனார். தம் பங்கு மீனையும் சம்மாட்டி சொன்ன விலைக்கு அவரிடமே கொடுத்துவிடுவார். அந்தப் பங்கை வீட்டுக்குக் கொண்டுவரும்படி அம்மா கேட்டார். அயல் பெண்களிடம் வெட்டவும் உப்பிடவும் பழகிக் கருவாடு போடத் தொடங்கினார். நாற்றம் தாங்காமல் சத்தியெடுத்துக்கொண்டேதான் பழகினார்.

உப்பு அரசாங்கத்தின் பொருள். கடலோரக் களப்பில் தானாக விளைந்ததை அள்ளினாலும் மறியல், சிறைவாசம். ஆனாலும் அள்ளாத வீடு கரையில் இல்லை. எங்கள் வீடு மட்டும் விலக்கு. அம்மா பயந்து, மன்னார்ப் பட்டினத்து அரசாங்கக் களஞ்சியத்தில் ஒரு மூட்டை வாங்கினார். சம்மாட்டியின் வண்டிலில்தான் அது வந்து இறங்கியது.

அந்தக் கிழமை பெய்த மழையில் கூரை ஒழுகி மூட்டை நனைந்தது. அதனுள் செருகியிருந்த, வாங்கியதற்கான பற்றுத்துண்டும் கூழாகிவிட்டது. கரையில் பிறந்த எவரும் உப்பை வெளியில் காட்டமாட்டார்கள். அம்மா வயல்காரி அல்லவா! வெயில் எறித்ததும் முற்றத்தில் பாய் விரித்து, நனைந்த நெல்லைப்போல் உப்பைப் பரப்பிக் காலால் துழாவிவிட்டார். அந்த வழியாக உப்புக் காவல்காரர் வந்தார்.

"இது எங்க அள்ளினது?"

"அள்ளேல்லை ஐயா, வாங்கினனான்."

"துண்டு எங்க?"

அம்மா அந்தக் கூழை நீட்டினார். காவல்காரர் அதைத் தொடவில்லை. "பின்னேரம் துரை வாறார். அதுவரைக்கும் ஒரு கல் உப்பும் குறையக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா, "கடலுக்க கொட்டிவிடுவம்" என்றார்.

"கொட்டினா களவெண்டு நாங்களே சொன்னமாதிரி," என்றார் அம்மா. சொல்லும்போதே பல் கிடுகிடுத்தது. நான் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மதியம் சம்மாட்டி சிரித்தபடி வந்தார். "பிள்ளை, என்ர வண்டிலில வந்த உப்பெண்டு துரையிட்ட நான் ஒரு சொல்லுச் சொன்னா முடிஞ்சுது. ஆனா இந்தக் கருவாட்டு வேலையை விட்டுப்போட்டு, மீனை முந்தியப்போல எனக்கே தரவேணும்."

அப்பா தலையாட்டப் போனார். அம்மா முந்திக்கொண்டார்: "கண்டதைச் சொல்லுறதெண்டாச் சொல்லுங்கோ. இல்லாட்டி விடுங்கோ. மீனைத் தரமாட்டன்."

அவர் போனதும் அம்மா சுவரில் சாய்ந்து அழுதார். "நான் மறியலுக்குப் போனா நீ தம்பியைப் பாத்துக்கொள்ளு" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ சாவைக் கண்டுவிட்டேன், அன்றுபோல் பயந்ததில்லை.

துரை குதிரையில் வந்திறங்கினார். "ஆர் சாட்சி?" என்று காவல்காரர் கேட்டார். சம்மாட்டி வாசலில் வாய் மூடி நின்றார். அப்போது, அம்மாவுக்கு மீன் வெட்டப் பழக்கிய அயல் பெண்கள் மூவரும் வேலியைத் தாண்டி வந்தார்கள்.

"வண்டிலால இறக்கேக்க நாங்களும் ஒரு கை பிடிச்சனாங்கள், ஐயா."

"அப்ப உங்கட குசினியளையும் ஒருக்காப் பாப்பமோ?" என்றார் காவல்காரர்.

அவர்களில் மூத்தவர், "வாங்கோ, பாருங்கோ" என்று வழிவிட்டார். அவருடைய குசினி அடுப்படியில் உமிக்குக் கீழே களப்பு உப்புப் பானை இருந்தது எனக்குத் தெரியும். துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார், இங்கிலீசில் ஏதோ சொன்னார், குதிரையில் ஏறிப் போய்விட்டார். காவல்காரரும் உப்பை விட்டுவிட்டு அவர் பின்னால் போனார்.

அடுத்த மாதம் நாங்கள் ஒரு கட்டுக் கருவாட்டுடன் நறுவிலிக்குளம் போனோம். அந்தத் தொழிலில்தான் நாங்கள் வளர்ந்தோம். தம்பிக்கு உப்புக்குளத்தில் தையற்கடை வந்ததும் அந்தத் துணிவில்தான். கருவாடு இன்று என் கையில். கடைசிக் காய்ச்சலில் படுத்திருந்தபோதும் அம்மா, "வாசல்ல ஆரோ சப்பாத்தோட நிக்கினம், பார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

மருந்து தந்த வைத்தியருக்கும், நோயிற்பூசுதல் கொடுத்த சுவாமியாருக்கும், பெட்டி சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று வேலி தாண்டி வந்த மூவருக்கும் அம்மா வாய்விட்டு நன்றி சொல்லவே இல்லை. சொன்னால் காவல்காரர் காதுக்குப் போய்விடும் என்று பயந்தார். உங்களில் இருவர் இன்னும் இருக்கிறீர்கள். இந்த நினைவு மலரில் உங்கள் பெயர்களைப் போட ஆசைப்பட்டேன். உப்புச் சட்டம் மாறவில்லை, இது யார் யார் கைக்குப் போகுமோ தெரியாது. பெயர்களை எழுதினேன், பிறகு வெட்டிவிட்டேன். நானும் அம்மாவின் மகள்தானே.