கிளாரினெட் மாப்பிள்ளைக்கு அரைப்பேர்

கிளாரினெட் ஊதுறவன ஊரு நம்பாது, அவனும் ஊர நம்ப மாட்டான். நாதஸ்வரம், சாக்சபோன், புல்லாங்குழல்னு காத்த ஊதிக் கஞ்சி குடிக்கிற அண்ணன் தம்பிங்களே, அக்கா தங்கச்சிங்களே, ஒங்களுக்கு இத நான் வெளக்க வேண்டியதில்ல. நான் தெரணியகலைப் பக்கம் தேயிலத் தோட்டத்துல பொறந்தவன். இப்ப கொழும்புல ஒரு பல்கலைக்கழகத்துல கிளாரினெட் பேராசிரியர். இதச் சொன்னா எல்லாரும் மரியாதையாத் தலையாட்டிட்டு, "சரி, பகல்ல என்ன வேல?"ன்னு கேக்குறாங்க.

மத்தவங்க நம்பாட்டிப் போகட்டும். சுகந்தியோட அப்பா நம்பலங்கிறதுதான் எனக்கு வந்த வென. சுகந்தி குருவிட்டயில டீச்சர். கட்டுனா அவளத்தான் கட்டுறதுன்னு இருந்தேன், அவளும் அப்படித்தான். அவ அப்பா தொரசாமி ரிட்டயரான கணக்கப்பிள்ளை. கொழுந்து மூட்டையில தண்ணி தெளிச்சு எடையக் கூட்டுறாங்களான்னு சந்தேகப்பட்டே காலத்த ஓட்டினவரு.

கன்னத்துக்குள்ள என்ன?

மொத தடவ பொண்ணு கேக்கப் போனேன். "அப்பாவுக்கு ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டுங்க, மனசு எளகும்"னு சுகந்தி சொல்லியிருந்தா. கிளாரினெட்டுக்கு ரீடுன்னு ஒண்ணு இருக்கு. நாணலச் சீவிச் செஞ்ச சின்னப் பட்ட, நாதஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி. காஞ்ச ரீடுல ஊதினா பூன கத்துற சத்தந்தான் வரும். அதனால முன்கூட்டியே வாயில போட்டு ஊற வைப்போம். நானும் அவங்க வீட்டு கேட்டுப் பக்கம் வரும்போதே போட்டு, கன்னத்துல ஒதுக்கிக்கிட்டேன்.

மனுசன் வாசல்லயே நிக்கிறாரு. "பயணமெல்லாம் எப்படி?"ன்னாரு. நான் சொன்ன பதில் எனக்கே வெளங்கல. அவசரமா ரீட உள்ளங்கையில துப்புனேன், எச்சியும் சேந்து வந்துருச்சு. பாபுல்னு ஒரு போதப் பாக்கு இருக்கு, எங்க பக்கம் பல குடும்பத்தக் கெடுத்தது. அதப் போடுறவனும் இப்படித்தான் கன்னத்துல ஒதுக்கிக்கிட்டுப் பேசுவான். அவரு என் உள்ளங்கைய எட்டிப் பாத்தாரு. உள்ள திரும்பி மகளத்தான் கூப்பிட்டாரு: "சுகந்தி, இரத்தினபுரி பேங்க்காரரு ஜாதகத்த எடு. பாபுல் போடுற ஆளுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன்."

மத்தக் கையத் தெறங்க

விட்டுட முடியுமா? மறுபடி போனேன். இந்தத் தடவ ரீட வாயிலயே வைக்கல. பஸ்ஸுல சன்னலோரம் உக்காந்து, நல்லதா ஒண்ணு பொறுக்குவோம்னு ஒவ்வொண்ணா வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். நார் நேரா ஓடுதான்னு அப்படித்தான் பாக்கணும். ஆனா கல்லு வியாபாரம் நடக்குற இரத்தினபுரி பஸ்ஸுல செய்யிற வேலயா அது? அங்க ரெண்டு வெரலால ஒண்ணப் புடிச்சு வெளிச்சத்துல பாத்தா, அது மாணிக்கக் கல்லுதான்.

பக்கத்து சீட்டுல இருந்தவரு கல்லு புரோக்கர். "ஐயா, நீலக் கல்லா?"ன்னு காதோரம் கேட்டாரு. கையத் தெறந்து ரீடக் காட்டுனேன். "மத்தக் கையத் தெறங்க"ன்னாரு. அதையும் காட்டுனேன். அப்பத்தான் அவருக்குச் சந்தேகம் கூடிப்போச்சு. குருவிட்டயில எறங்குனேன், அவரும் எறங்குனாரு. என் திரீவீலருக்குப் பின்னாலயே இன்னொரு திரீவீலர். நான் வாசப்படி ஏறுறதுக்குள்ள, "ஐயா, மருமகன்கிட்ட சொல்லி அந்தக் கல்ல எனக்கே குடுக்கச் சொல்லுங்க"ன்னு தொரசாமிகிட்டயே கேட்டுட்டாரு. தொரசாமி என் கிளாரினெட் பெட்டிய ஏற எறங்கப் பாத்தாரு. "வாயில பாபுலு, கையில களவுக் கல்லு. பெட்டிக்குள்ள இன்னும் என்னதான் வச்சிருக்கீங்க?"

மடியில வச்சிக்கிட்டு

சுகந்தி ஓயல. அப்பாவக் கொழும்புக்கே கூட்டிட்டு வந்தா, நான் வாசிக்கிற கச்சேரிக்கு. பெரிய வாத்தியக் குழு. அதுல கிளாரினெட்டுக்கு வேல விட்டுவிட்டுத்தான் வரும். மத்த நேரம் மடியில வச்சிக்கிட்டு, நம்ம எடம் எப்ப வருதுன்னு மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருக்கணும். தப்புனா மானம் போயிரும். முன்வரிசையில அவரு என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு. மலையில ஆளுங்களக் கண்காணிச்ச அதே பார்வ.

முடிஞ்சதும் ஓடிப்போய்க் கும்புட்டேன். எங்க தோட்டங்கள்ல கொழுந்து நிறை கொறஞ்சா அன்னிக்கு அரைநாள் வேலன்னுதான் போடுவாங்க, அதுக்குப் பேரு அரைப்பேர். அத அவரு மறக்கல. "வயலின் புள்ளைங்க கை ஓயாம இழுக்குதுங்க, பாவம். நீங்க பாதி நேரம் வேடிக்க பாத்தீங்க. நானா இருந்தா ஒங்களுக்கு அரைப்பேர்தான் போட்டிருப்பேன்."

கைய நீட்டுங்க

அப்புறம் சுகந்தி போன்ல அழுதா. பேங்க்காரரு வீட்டுல கல்யாணத் தேதி கேக்குறாங்களாம். மக அழுகையத் தாங்காமலோ என்னமோ, ரெண்டு நாள் கழிச்சு தொரசாமியே கூப்பிட்டு, "ஒரு நட வந்துட்டுப் போங்க"ன்னாரு. எனக்கா சந்தேகம் வராது? கல்யாணப் பத்திரிகைய என் கையிலயே குடுத்து அனுப்பப் போறாருன்னு நெனச்சேன். பால் டீ வந்துச்சு. இந்த மனுசன் எனக்குப் பால் டீ குடுக்குறாரா? அதையும் நான் நம்பல.

"கைய நீட்டுங்க"ன்னாரு. புதுசா வேலக்கி வர்ற ஆளு நெசமாவே மம்பட்டி புடிச்சவனான்னு அவரு கையப் பாத்துத்தான் எடுப்பாராம். என் வலது கைப் பெருவெரல்ல வந்ததும் நிறுத்தினாரு. கிளாரினெட்டோட பாரம் முழுக்க அந்த வெரல்லதான் நிக்கும், காப்புக் காச்சுப் போயிருக்கு. நகத்தால அழுத்திப் பாத்தாரு. அப்புறம் பெட்டியத் தெறக்கச் சொல்லி, கிளாரினெட்ட அவரே அந்த வெரல்ல ஏந்திப் புடிச்சாரு. கொஞ்ச நேரத்துல வெரல் வலிச்சு, மத்தக் கையையும் குடுத்துத் தாங்குனாரு. அப்படியே எங்கிட்ட குடுத்துட்டாரு.

குசினி வாசல்ல சுகந்தி எட்டிப் பாத்துக்கிட்டு நின்னா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, அத மறைக்கவும் தோணல. அவரு டீயக் குடிச்சு முடிச்சு, கோப்பைய வச்சிட்டு, மகளப் பாத்துச் சொன்னாரு: "பேங்க்காரருக்கு வேணாம்னு சொல்லிரு. இவரு கை வேல செஞ்ச கைதான், முழுப்பேர் போடலாம். வாயத்தான் இன்னும் நம்ப முடியல."

கல்யாணமாகி ஒரு கொழந்தையும் ஆயிருச்சு, பேராசிரியர்னு நாலு பேரு எந்திரிச்சும் நிக்கிறாங்க, ஆனா மாமனார் வீட்டுல எல போட்டதும் நான் மொதல்ல வாயத் தெறந்து காட்டிட்டுத்தான் சாப்பிட உக்கார்றேன்.