விற்பதற்கு முன் சொன்னவர்

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்கு நடுவே, இணைய அரட்டை நண்பர்களோடு பங்கு வியாபாரமும் செய்தேன். வேகமாக ஏறும் பங்கை ஒருவர் சொல்வார், மற்றவர்கள் வாங்குவோம். ஒருநாள் வேலூர் நர்ஸ் ஸ்டெல்லா அக்கா சொன்ன பங்கு மளமளவென்று சரிந்தது. என் போனஸ் முழுவதும் அதில்தான் இருந்தது.

“எல்லாரும் வித்துடுங்க” என்று அரட்டையில் எழுதினார். விற்றுத் தப்பித்தேன்.

“நீங்க வித்துட்டீங்களாக்கா?”

“இல்லப்பா. உங்களுக்குச் சொல்லிட்டு என்னோடத விக்கப் போறதுக்குள்ள வாங்க ஆளே இல்லாம போச்சு. என்னை நம்பித்தானே வாங்கினீங்க? எல்லாரும் வெளிய வந்துட்டீங்களா?”

முகம்கூடத் தெரியாத எங்களுக்காக! போன வாரம் நான் சொன்ன பங்கு விழுந்தபோது, முதலில் என்னுடையதை விற்று, டீயும் குடித்துவிட்டு வந்துதான் மற்றவர்களிடம் சொன்னேன். அக்காவின் பதிலைப் படித்ததும், அந்த உண்மையை அரட்டையில் எழுதி ஒப்புக்கொண்டேன்.

இன்றும் விற்பதற்கு முன், யாரிடமாவது சொல்லாமல் விட்டோமா என்று விரல் ஒரு நொடி நிற்கிறது.