தலையை ஆட்டி ஜெயித்த தேர்தல்

என் வீட்டுக்காரர் இரண்டு தடவை சட்டசபை உறுப்பினராக இருந்தார். தாண்டிக்குடியில் எங்களுக்குக் காப்பித் தோட்டம். பழைய வழக்கங்களை விடாத மனிதர். நிலத்துக்கு உச்சவரம்பு ஆகாது, கோயில் காரியத்தில் அரசாங்கம் தலையிடக் கூடாது, பெண்கள் மேடை ஏறக் கூடாது. இந்த மூன்றும் இல்லாமல் அவருக்குக் கூட்டம் கிடையாது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்ப்பார். அவர் மூச்சு விடும் இடம்கூட எனக்கு மனப்பாடம்.

இரண்டாவது தேர்தலின்போது பள்ளங்கி என்கிற மலையூரில் பனியில் நின்று பேசி அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மறுநாள் வெள்ளகவிக்குப் போயாக வேண்டும். அங்கே ஜீப் போகாது. கோடைக்கானலிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்க வேண்டும். கஷாயம் கொடுக்கவென்று நானும் போனேன். அதற்குச் சம்மதிக்கவே அவருக்கு ஒரு பொழுது ஆயிற்று.

ஊருக்குள் செருப்பு போடுவதில்லை என்பது அங்கே வழக்கம். யாரும் சொல்லுமுன்பே எல்லையில் கழற்றிவிட்டார். ஊர்க்காரர்களுக்கு அதுவே பிடித்துப்போனது. கோயில் முன்னால் கூடினார்கள். கும்பிட்டார், வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. கூட வந்த தேர்தல் ஏஜெண்டோ பாதி வழியிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேறு ஆள் இல்லை. இவர் என்னைப் பார்த்தார்.

பேசினேன். உச்சவரம்பையும் கோயிலையும் வரி பிசகாமல் சொன்னேன். மூன்றாவதுக்கு வந்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்திவிட்டு, "ஒங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க," என்றேன்.

நிறைமாத மருமகளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண் சொன்னாள்: "வலி எடுத்தா டோலி கட்டித்தான் மேல தூக்கணும் தாயி. ஒரு நர்சம்மா இங்கனயே இருந்தாப் போதும்."

"இருப்பாங்க. அது எங்க பொறுப்பு."

அரசாங்கச் செலவைக் குறைக்கச் சொல்லி ஓட்டுக் கேட்பவர் அவர். பதறிப்போய், வேண்டாம் வேண்டாம் என்று எனக்குத் தலையை ஆட்டினார். ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது.

"அய்யாவும் சரின்னுட்டாக!"

பெண்கள் குலவை போட்டார்கள்.

ஏற்றம் முழுக்க அவர் என் பக்கம் திரும்பவில்லை. மேலே வந்து காப்பி உள்ளே போன பிறகுதான், "யாரக் கேட்டு வாக்குக் குடுத்த?" என்று கிசுகிசுத்தார்.

"நீங்கதான தலையாட்டுனீங்க?"

முறைத்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமே வராத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஜெயித்தார். கொடுத்த வாக்கை மீறக் கூடாது என்பதும் அவர் விடாத பழைய வழக்கங்களில் ஒன்று. மதுரைக்கும் சென்னைக்குமாக ஒரு வருஷம் அலைந்தார். புதுச் செலவு என்றாலே எழுந்து எதிர்ப்பவர், தாமே ஒரு செலவு கேட்டு எழுந்ததும் சபையில் மேசையைத் தட்டினார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமும் பெருமையும் கலந்து வரும். நர்சம்மா அந்தப் பாதையில் இறங்கிய அன்று நாங்களும் கூடவே இறங்கினோம். அதற்குப் பிறகு மூன்றாவது கொள்கையை அவர் எங்கும் பேசவில்லை. விட்டுவிட்டேன் என்றும் சொன்னதில்லை.

அடுத்த தேர்தலில் நன்றாகவே தோற்றார். ஆறுதல் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். மறுநாள் வெள்ளனே தோட்டத்துக்குள் போனவர் காப்பிச் செடிகளுக்கு நடுவே காய்த்த ஆரஞ்சைத் துண்டு நிறையப் பறித்து வந்தார்.

"இனி மெட்ராஸ் வேக்காட்டுல கெடக்க வேண்டாம். இந்தா, வெரசா உரி," என்றார்.

படியில் உட்கார்ந்து நாக்கு புளிக்கப் புளிக்கத் தின்றோம்.